ஓரத்தில் நின்ற வெள்ளி

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பேராசிரியர் வேதாசலம் இறந்த செய்தியைக் கல்லூரி வாசலில் ஓர் ஆட்டோக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். பதினோரு வருடம் அவரோடு ஒரே ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் இருந்த எனக்கு ஒரு போன் செய்ய, அதே ஆய்வகத்து ஆட்களான உங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவரிடம் படித்தவர்களுக்கு அந்தக் காப்பிச் சொட்டு நினைவிருக்கும். கேன்டீன் மேசையில் ஒரு சொட்டு விட்டு, காயும்வரை எல்லோரையும் உட்கார வைப்பார். நடு வெளுத்து, ஓரம் கறுத்து வளையமாக நிற்கும். சொட்டின் விளிம்பு சீக்கிரம் காய்கிறது, அதை ஈடுகட்ட நீர் அங்கே ஓடுகிறது, போகும்போது துகள்களையும் இழுத்துப் போகிறது என்பார். "காயற வரைக்கும் உக்கார முடியாதவங்க ஆராய்ச்சிக்கு வராதீங்க." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு நானோ வெள்ளி வந்தது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் கலந்த நீரை எவர்சில்வர் டிரம்முக்குள் தெளித்துக் காயவைத்தால் குடிதண்ணீரில் கிருமி சாகும் என்பது அவர் திட்டம். கல்லூரி விடுதிக்கான முதல் டிரம் பௌர்ணமிக்குள் தயாராக வேண்டும் என்று அவசரப்பட்டார். அதேபோல் தெளித்துக் காயவைத்த தகட்டுத் துண்டை நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். அதே காப்பி வளையம். ஒவ்வொரு சொட்டின் ஓரத்திலும் வெள்ளி குவிந்திருந்தது. நடுவே வெறும் தகடு. அவரிடம் சொன்னேன்.

"ஓரத்துல ஜாஸ்தி, நடுவுல கம்மி. சராசரி போட்டா சரியா வருதுல்ல? கிருமி என்ன ஸ்கேல் வெச்சு அளந்துட்டா ஒக்காரப் போவுது? கையெழுத்து போடுங்க சார்" என்றார்.

ஆய்வகமே சிரித்தது. 'வெள்ளி சீராகப் படிந்துள்ளது' என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். பத்திரிகையில் அவர் பெயர் மட்டும் வந்தது. அந்த மழைக்காலத்தில் விடுதியில் அறைக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். சமையல்காரரை மாற்றினார்கள். டிரம்மை யாரும் சந்தேகப்படவில்லை. அறிக்கைதான் இருந்ததே.

இப்போது அவர் நினைவாக, தீபத்தன்று கிரிவலப் பாதையில் அதேபோன்ற டிரம்களை வைத்துத் தண்ணீர்ப் பந்தல் போடப்போகிறீர்கள். வெள்ளி இருக்கிறது என்ற தைரியத்தில் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றப்போகிறீர்கள். மலை சுற்றி வருகிறவர்கள் குழாயைத் திறந்து, முதலில் குழந்தைக்குத்தான் பிடிப்பார்கள்.

காய்ச்சி ஊற்றுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அவர் கொடுத்த ஒரு கண்ணாடிச் சில்லு என்னிடம் இருக்கிறது. அதில் காய்ந்த வளையம். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நான் சொல்வதை நம்ப வேண்டாம். தகட்டில் அந்த வெள்ளி நீரில் ஒரு சொட்டு விட்டு, அவர் சொன்னதுபோல் காயும்வரை உட்கார்ந்து பாருங்கள். எழுதியது யார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் அன்று என் கையெழுத்தைப் பார்த்துத்தான் அந்த டிரம்மை நம்பினீர்கள். அதனால்தான் இதைக் கையெழுத்தில்லாமல் தபாலில் போடுகிறேன்.