கறுப்பு வெள்ளையில் காணாமல் போனது

இங்க்ஜெட் பிரிண்டர்ல கறுப்பு வெள்ளை படம் போட்டுப் பார்த்தவங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும். மண்ணூர்பேட்டையில ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன்னு ஒரு கடை வெச்சிருக்கேன். கலர் படத்துல சின்னக் குறை இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. கறுப்பு வெள்ளை கேக்குறவங்க பெரும்பாலும் தவறிப்போனவங்க படத்தோட வருவாங்க. அந்த முகத்தை நான் கெடுத்துட்டா, மறுபடி உட்கார வெச்சு எடுக்க ஆள் கிடையாது.

மாமனார் நிறம்

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் ஓட்டுற ஒருத்தர் மாமனார் படத்தைக் கொண்டு வந்தார். பெருசா போட்டுக் கொடுத்தேன். கடை வெளிச்சத்துல அருமையா இருந்துச்சு. உங்களுக்கும் நடந்திருக்கும், இந்தப் பாழாப்போன மெஷின் சாம்பல் நிறத்துக்குக்கூட கலர் இங்க்கைத்தான் கலக்குது. மட்டமான இங்க்கை ஊத்தி வெச்சவ நான், அதையும் சொல்லிடுறேன். மறுநாளே திரும்பி வந்தார். "உன் கடையில நல்லாத்தான்க்கா கீது. ஊட்டுக்கு எத்துகினு போய் டியூப்லைட் கீழ மாட்டுனா, மாமனாரு மேல பாசி புடிச்சுக்கீது."

புள்ளி

சரி, கலரே வேணாம்னு கறுப்பு இங்க்ல மட்டும் போட ஆரம்பிச்சேன். குமணன்சாவடி அபார்ட்மென்ட்லேர்ந்து ஒரு அம்மா, மதுரைக்காரங்க, கைக்குழந்தை படம் கேட்டிருந்தாங்க. பச்சை போச்சு, புள்ளி வந்துடுச்சு. கன்னம் பூரா மிளகுத்தூள் தூவின மாதிரி. அவங்க கோபப்படல, படத்தை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "என்னங்க இது, பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரில இருக்கு."

நெத்தி

அப்புறம் நல்ல இங்க், பளபளப்பு இல்லாத மேட் பேப்பர், ஒரு நாள் காய விட்டு ஃபிரேம் போடுறதுன்னு எல்லாம் கத்துக்கிட்டேன். ஒரு வித்தையும் கத்துக்கிட்டேன். கலர் படத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு அடுக்கு இருக்கு. சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்து கறுப்பு வெள்ளை ஆக்கினா, தழும்பு, கருவளையம் எல்லாம் மறைஞ்சு முகம் பளிச்சுன்னு வரும். ரொம்பப் பெருமை எனக்கு.

பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா தவறிட்டாங்க. கல்யாண மண்டபத்துல எடுத்த செல்போன் படம், முகமெல்லாம் கலர் லைட். பதினாறாம் நாளுக்கு கறுப்பு வெள்ளையில வேணும்னார் மகன். என் வித்தையைக் காட்டினேன். மூக்குத்தி அப்படி ஜொலிச்சுது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தோணல.

காரியம் முடிஞ்ச வாரம் அந்தம்மாவோட வீட்டுக்காரரே ஃபிரேமைத் துண்டுல சுத்திக்கிட்டு வந்தார். கண்ணாடி மேல வெச்ச குங்குமம் ஃபேன் காத்துல உதிர்ந்திருந்தது. அதுக்குக் கீழ படத்துல நெத்தி வெறுமையா இருந்துச்சு. சிவப்பு அடுக்குல சிவப்பு வெள்ளையாத்தான் வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பொட்டு ஞாபகம் வரல. உடனே வேற போட்டுத் தரேன்னு மட்டும் சொன்னேன், போட்டும் கொடுத்தேன். அவர் திட்டியிருந்தா தேவலாம். புதுப் படத்துல பொட்டு இருக்கான்னு பார்த்துட்டு மெதுவா சொன்னார்: "வந்தவங்கல்லாம் பார்த்துட்டுப் போய்ட்டாங்கம்மா. நான் இன்னும் உசுரோடதானே கீறேன்."

இப்பல்லாம் பொம்பளைங்க படம் வந்தா சைஸ் கேக்குறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரர் இருக்காரான்னு கேக்குறேன், கேக்குற ஒவ்வொரு தடவையும் நல்லா வாங்கிக் கட்டிக்கிறேன்.