கம்பளிக்கு அனுமதி இல்லை

டெல்லி ஜனவரியில் வெறும் பருத்திச் சேலையோடு வேலை பார்த்த ஒரே ஆளை எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில்தான் சந்தித்தேன். புரதங்களைப் பிரித்து, எடைபோட்டு, இன்னதென்று அடையாளம் சொல்லும் இயந்திரத்துக்கு அவர்தான் பொறுப்பு. தலைமுடி முழுவதையும் தொப்பிக்குள் திணித்திருப்பார். மோதி பாக் வீட்டிலிருந்து பஸ்ஸில் போட்டுவந்த ஸ்வெட்டர் வாசல் ஆணியில் தொங்கும். மாதிரியில் ஒரு கம்பளி இழை விழுந்தாலும் நோயாளியின் புரதம் மறைந்து ஆட்டின் புரதம்தான் தெரியும் என்பார்.

நான் வைத்தியம் பார்த்த ஒரு குழந்தையின் தண்டுவட நீரில் ஒரு சொட்டு கொண்டுபோயிருந்தேன். இன்னொரு சொட்டு எடுக்க வழியில்லை. அவர் அதைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, விருந்தினர்களோடு மருத்துவமனை இயக்குநர் வந்தார், தோளில் கம்பளிச் சால்வையுடன்.

"சால்வைய வெளிய வெச்சுட்டு வாங்க சார்."

"அரே, அஞ்சு நிமிஷம்தானேம்மா."

"சாம்பிள் கெட்டுப்போக அது போதும் சார்." கதவை மறித்து நின்றார். இயக்குநர் முகம் சிவக்கத் திரும்பிப் போனார்.

மறுநாள் முடிவு வாங்கப் போனேன். விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்திருந்தது. போன வருஷம் அவர் லீவில் இருந்த நாளில் இயக்குநர் இதே சால்வையோடு உள்ளே வந்துபோயிருக்கிறார். அன்று கெட்டுப்போன மாதிரியின் வரைபடத்தையே இவர் மெமோவுக்குப் பதிலாக இணைத்திருந்தார். அதில் ஓங்கி நின்ற ஆட்டுப் புரதத்துக்கு அம்புக்குறி போட்டு, 'இது தங்கள் சால்வை' என்று எழுதியிருந்தார்.

"வேலைக்கு ஆபத்து வராதா?" என்றேன்.

"வந்தா வரட்டும். டைரக்டர் ஆடு, பியூன் ஆடுன்னு மெஷினுக்குத் தெரியாது டாக்டர்."

வரைபடத்தின் நகலைக் கதவில் ஒட்டினார். பிறகு குழந்தையின் முடிவை என்னிடம் நீட்டினார். அதில் எங்கும் ஆடு இல்லை.