யாரும் கேட்காத நண்டு

இரண்டு வருடத்துக்கு முன், நல்லூர்த் திருவிழா முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. இடம் கொக்குவில், எங்கள் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருக்கும் ஒரு ரீச்சர் வீட்டுக் கேற்றடி. அந்தக் கேற்றடியில் நான் ஒரு வசனம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

நான் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. போன் திருத்துகிற கடையில் நின்றபடி, வீடியோ பார்த்துப் பார்த்துச் செயலி செய்யப் பழகியவன். குருநகரிலிருந்து மொப்பெட்டில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வரும் அக்கா ஒருவருக்காகத்தான் அந்தச் செயலியைச் செய்தேன். திருவிழாக் காலம் முழுக்க எங்கள் பக்கத்து வீடுகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்க மாட்டார்கள். அந்த நாட்களில் அக்காவின் வியாபாரம் படுத்துவிடும். "விரதம் முடிஞ்ச கையோட சனம் நண்டுக்குப் பறக்கும் தம்பி. ஆர் ஆருக்கு வேணுமெண்டு முதலே தெரிஞ்சா எவ்வளவு நல்லம்" என்று அவர் சொன்னதுதான் தொடக்கம்.

வேலை இதுதான். போனில் ஒரு வரைபடம். அக்கா நிற்கும் இடத்தில் ஒரு குறி. குறியைத் தொட்டால் மேலே ஒரு சின்னப் பெட்டி விரியும். அதில் நண்டின் படம், கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று "கதைக்க", மற்றது "எனக்கு வை".

பெட்டியை வடிவாகத்தான் செய்தேன். ஆனால் பொத்தான் வேலை செய்யவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வரைபடம் அந்தப் பெட்டியை வெறும் படமாகத்தான் ஒட்டுகிறது. அதற்குள் நான் கீறிய பொத்தானும் படம்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதேதான். பெட்டியில் எங்கே விரல் பட்டாலும் "பெட்டியைத் தொட்டார்கள்" என்று மட்டும்தான் எனக்குத் தெரியவரும். எந்தப் பொத்தான் என்று தெரியாது. ஒழுங்காகச் செய்வதானால் வரைபடத்துக்கு மேலே என் சொந்தப் பெட்டியை வேறாக வைக்க வேண்டும். அதற்கு இன்னும் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், வேண்டும்.

எனக்கு அவசரம். பெட்டியில் எங்கே தொட்டாலும் அது "எனக்கு வை" என்று பதியட்டும் என்று விட்டுவிட்டேன். பதிந்ததும் அடியில் ஒரு சின்ன வரி வந்து இரண்டு செக்கனில் மறையும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் காட்டினேன். அவர் "எனக்கு வை" பொத்தானிலேயே சரியாக அமத்தினார், அடியில் அந்த வரியும் வந்தது. "அட, கூப்பிடாமலே வியாபாரம்" என்று அவர் சிரித்த சிரிப்பில், மிச்ச வேலையைப் பிறகு பார்ப்போம் என்று அன்றைக்கே எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். அரைக் கிணறு தாண்டிய கதை.

சனிக்கிழமை பின்னேரம் பட்டியலில், செயலிக்குள் வரும்போது கொடுத்த பெயரும் நம்பருமாக, இருபத்துமூன்று பேர். அக்காவுக்கு நம்ப முடியவில்லை.

"ஒருக்கா எல்லாருக்கும் கோல் எடுத்துக் கேப்பமோ தம்பி?"

"தேவையில்லை அக்கா. பட்டியல் எண்டா பட்டியல்தான்."

இதைச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

ஞாயிறு விடிய அக்காவின் கணவர் கரைக்கடலில் வலை அடைத்த களங்கண்டியிலிருந்து நல்ல நண்டு கொண்டுவந்திருந்தார். வழக்கமாக வந்து மொத்தமாக எடுக்கும் லொறிக்காரரிடம் அக்கா, "இண்டைக்கு எனக்கு ஆக்கள் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவரும் சும்மா போகவில்லை. "போனுக்குள்ளை இருக்கிற நண்டு கடிக்காதக்கா, வெளியிலை இருக்கிறதுதான் கடிக்கும். பாத்துக்கொள்ளுங்கோ" என்று நக்கலடித்துவிட்டுத்தான் லொறியில் ஏறினாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். செயலியில் காட்டியிருந்தபடி ஏழு மணிக்குக் கொக்குவில் ஸ்ரேசனடியில், வெள்ளைத் தக்கை மாதிரியான றெஜிபோம் பெட்டிகளோடு வந்து நின்றார். நானும் பெருமையோடு பக்கத்தில் நின்றேன்.

ஒன்பது மணி வரைக்கும் வந்தது மூன்று பேர். வெயில் ஏற ஏற நண்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. செத்த நண்டை எங்கள் ஊரில் சும்மா கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்குவார்கள். நாலைந்து பேருக்கு போன் எடுத்தோம். "நாங்கள் கேக்கேல்லையே" என்றார்கள். அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பட்டியலில் ரீச்சரின் பெயரும் இருந்தது. பத்து வருடமாக அக்காவிடம் மட்டும் மீன் வாங்குகிறவர். "அவ ஏமாத்த மாட்டா, வா போவம்" என்று மொப்பெட்டைத் திருப்பினார்.

ரீச்சர் கேற்றைத் திறந்தார். நெற்றியில் திருநீறு காயவில்லை.

"நண்டோ? நான் இந்தமுறை ஆவணி முடியுமட்டும் மச்சம் தொடமாட்டனே, பிள்ளை. நான் ஏன் கேக்கப்போறன்?"

"உங்கடை பேர் கிடக்குது ரீச்சர்."

"படத்தைப் பெருப்பிச்சுப் பாக்கத் தொட்டனான். அவ்வளவுதான்."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இருபது பேரும் நண்டின் படத்தைத் தொட்டிருக்கிறார்கள், பெட்டியை மூடத் தொட்டிருக்கிறார்கள். நான் அத்தனையையும் கடனே என்று "எனக்கு வை" ஆக்கியிருக்கிறேன். போன் என் கையில்தான் இருந்தது. "அக்கா, பிழை என்னிலை" என்று சொல்ல மூச்சு விடுகிற நேரம் போதும். நாக்கு எழும்பவில்லை. கெட்டிக்காரன் என்று ஊர் சொல்லத் தொடங்கி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

அதற்குள் அக்கா சொல்லிவிட்டார்: "மச்சத்துக்குத்தான் விரதம் போல, பொய்க்கு விரதமில்லை."

பக்கத்து மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் பார்த்துக்கொண்டிருந்தன. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனுசி. கேற்றை மெதுவாகச் சாத்தினார்.

திரும்பும் வழியில் அக்கா உயிரோடு இருந்த நாலு நண்டை எடுத்து என் கையில் தந்தார். "நீ பாவம், கஷ்டப்பட்டுச் செய்தனி. சனம்தான் சரியில்லை." அம்மா அதை வடிவாகக் குழம்பு வைத்தார். எனக்கு இறங்கவில்லை.

அடுத்த கிழமை முழுக்க இருந்து சரியாகச் செய்தேன். பெட்டியை வரைபடத்துக்கு மேலே தனியாக வைத்து, இரண்டு பொத்தானையும் வேறு வேறாக வேலை செய்ய வைத்தேன். "எனக்கு வை" அமத்தினால் "கட்டாயம் வருவீர்களா?" என்று ஒரு தரம் கேட்கவும் வைத்தேன். பிறகு கேட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து அக்கா ஒருநாள் சந்தோசமாகச் சொன்னார்: "பாத்தியே தம்பி, இப்ப சனம் திருந்தீட்டுது."

அந்தச் சொல்லை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் தராசைத் துடைத்து, பெட்டிக்கு மேல் வைத்தார்.

"அண்டைக்குக் கேற்றடியிலை சொல்லியிருந்தியெண்டா நண்டு மட்டும்தான் போயிருக்கும், தம்பி."

இரண்டு பேருமாக ரீச்சர் வீட்டுக்குப் போனோம். அக்கா கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் என் பிழையைச் சொன்னேன். ரீச்சர் தேத்தண்ணி தந்தார், அக்காவின் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். "பரவாயில்லை, இதுக்கேன் இவ்வளவு தூரம்" என்றார். கொண்டுபோன பாரை மீனை மட்டும் வாங்கவில்லை. "இப்ப மகள் சந்தையிலை வாங்கியாறவள்" என்றார், சிரித்துக்கொண்டே.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டியது அக்காதான். ஆனால் மூட்டையை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் நின்றவன் நான்.

அக்கா இன்றும் மீன் வந்ததைச் சொல்ல ஹோர்ன் அடித்தபடி அந்த ஒழுங்கையால் வருகிறார், ரீச்சர் வீட்டைத் தாண்டும்வரை மட்டும் அடிப்பதில்லை. ஹோர்ன் சத்தம் நின்றுபோகும் அந்தச் சில நொடிகளை எங்கள் வீட்டுக்குள் இருந்தபடி கவனிக்கும் ஒவ்வொரு முறையும், நான் செய்த பொத்தான்களை விட அன்று வாய்க்குள் வைத்திருந்த மூன்று சொல்தான் என் பெரிய பிழை என்று நெஞ்சு சொல்கிறது.