அழைப்பிதழில் இடம் கிடைக்காத கடல்

காலை ஐந்து நாற்பது. காரைக்குடி புதிய பேருந்து நிலையத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு நீச்சல் வளையம். மஞ்சள் நிறம், வாத்துத் தலை வைத்தது, முழுதாகக் காற்று ஊதியது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, மதுரைப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் ஒரு பேராசிரியர் நின்றார். அருகே அவருடைய மகள், ஆறேழு வயதிருக்கும், பெட்டிமேல் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். டெல்லியிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து இரவு ரயிலில் இங்கேயும் வந்திருந்தார்கள். கடற்கரை விடுதியில் கருத்தரங்கு என்றதும் அவர் மகளுக்கு என்ன வாக்குக் கொடுத்திருப்பார் என்று வளையத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விடுதி தொண்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கடலில் அலை கிடையாது. நீந்த ஆழமும் கிடையாது. அரை கிலோமீட்டர் உள்ளே நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. இது எனக்குத் தெரியும், ஏனென்றால் மூன்று வாரங்களுக்கு முன்பு அதை நானே எழுதியிருந்தேன்.

கருத்தரங்கை நடத்தியது இங்குள்ள ஒரு கல்லூரி. பொருள், நீர் மேலாண்மை. அதன் ஒருங்கிணைப்பாளர் என்னோடு காலையில் நடக்க வருகிறவர். நான் நெடுங்காலம் செய்தித்தாளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், வருகிறவர்களுக்கான தகவல் குறிப்பை எழுதித் தரும்படி கேட்டார். ஒருநாள் தொண்டிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பக்கம் எழுதினேன். கல்லூரிப் பேருந்து எங்கே நிற்கும், தவறவிட்டவர்கள் எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து விடுதிக்கு உள்ளே எவ்வளவு தூரம், அங்கே ஆட்டோ கிடைக்காது, குழாய்த் தண்ணீர் உப்பு, காகங்கள் தட்டிலிருந்தே எடுக்கும், கடல் எப்படிப்பட்டது. இதற்கு மேல் ஒருவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அதை அழைப்பிதழின் உள்பக்கத்தில் அச்சிடுவதாக ஏற்பாடு. பிறகு அமைப்புக் குழு கூடியது. எங்கள் ஊர்ப்பக்கம் அழைப்பிதழில் பெயர் போடுவது சாதாரண வேலை அல்ல. தலைமை என்று ஒருவரைப் போட்டால், முன்னிலை என்று நால்வரைப் போட வேண்டும். நால்வரில் ஒருவரைப் போட்டு அவர் பங்காளியை விட்டால், பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் நம்மை யாரும் 'வாங்க' என்று கேட்க மாட்டார்கள். கல்லூரிச் செயலர், அவருடைய அண்ணன், முதல்வர், முன்னாள் முதல்வர், விடுதி உரிமையாளர், மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்ற நகைக்கடைக்காரர், பை வாங்கிக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் என்று பெயர்கள் வந்தன. தாள் அதே அளவில்தான் இருந்தது. ஒவ்வொரு பெயர் ஏறும்போதும் என் குறிப்பில் ஒரு வரி இறங்கியது. முதலில் காகம் போனது. அடுத்து உப்புத் தண்ணீர். ஜவுளிக்கடைக்காரரின் புகைப்படத்துக்காகக் கடல் போனது.

பேருந்து நிற்கும் இடமாவது இருக்கட்டும் என்று கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார்.

"அண்ணே, வழி போடலைன்னா கேட்டுக் கேட்டு வந்துருவாக. பேரு போடலைன்னா வரவே மாட்டாக. நீங்களே சொல்லுங்க, எதைப் போடணும்?"

ஆங்கிலம், தமிழ் என இரு மொழிகளிலும் அச்சாகி வந்த அழைப்பிதழில் நான் எழுதியதாக எஞ்சியது ஒரே வரி: விவரங்களுக்கு ஒருங்கிணைப்பாளரை அணுகவும். அதுவும் நான் எழுதியதல்ல.

கருத்தரங்கு நாளன்று விடிகாலையில் அவரைத்தான் எல்லோரும் அணுகிக்கொண்டிருந்தார்கள். ஒரு காதில் ஒரு கைபேசி, மறு கையில் இன்னொன்று. "இங்குட்டு வாங்க சார், அங்குட்டு இல்ல, டீக்கடைப் பக்கம்" என்பதை மூன்று விதமான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பை எழுத நானும் போக வேண்டியிருந்தது. வளையத்தோடு நின்றவரை நான் கூட்டி வந்து பேருந்தில் ஏற்றினேன்.

பேருந்தில் எனக்குப் பக்கத்து வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டியவர், ஒக்கூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். முந்திய நாளே கோட்டையூரில் சின்னம்மா வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். தன் ஊர்க் கண்மாயில் மடைத் தண்ணீரை எந்த வயலுக்கு எந்த முறையில் விடுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தார். அந்த வேலை கோடை விடுமுறையோடு முடிகிறது. டெல்லிப் பேராசிரியர் ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார், இவர் மின்னஞ்சல் எழுதியிருக்கிறார், அன்று கட்டுரையைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக அவர் பதில் போட்டிருக்கிறார். அன்று மாலையே அவர் கிளம்புகிறார்.

நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"கடைசியில சார். எங்க வயலும் கடைமடைதான். மேல உள்ளவுக பாய்ச்சி முடிச்சாத்தான் நமக்கு. பழக்கம்தான்."

திருவாடானை தாண்டும்வரை கட்டுரையை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தார். முன் இருக்கையில் வாத்துத் தலை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

தொடக்க விழா பத்து மணிக்குக் குத்துவிளக்கோடு ஆரம்பித்தது. அழைப்பிதழில் பெயர் இருந்தால் மேடைக்குக் கூப்பிட வேண்டும். மேடைக்குக் கூப்பிட்டால் பொன்னாடை போர்த்த வேண்டும். போர்த்தியவரைப் பேசச் சொல்லாமல் இறக்க முடியாது. விடுதி உரிமையாளர் தண்ணீரின் அருமை பற்றிப் பேசினார். நகைக்கடைக்காரர் தனக்குப் பேச வராது என்று தொடங்கி வெகுநேரம் பேசினார். செயலரின் அண்ணன், தம்பி பேசிய நேரத்துக்குக் குறையாமல் பேசினார். முதல் அமர்வு நடக்க வேண்டிய நேரத்தில் நினைவுப் பரிசுகள் வழங்கப்பட்டன. இரண்டாவது அமர்வு நடக்க வேண்டிய நேரத்தில் வாழ்த்துச் செய்திகள் வாசிக்கப்பட்டன. டெல்லிப் பேராசிரியருக்கு இரண்டு பொன்னாடைகள். ஒன்றை மகள் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

சாப்பாடு சரியான நேரத்துக்கு வந்தது. மட்டன் சுக்கா, கோழி மிளகு வறுவல், கவுனி அரிசி இனிப்பு, தலைவாழை இலை. அதில் யாரும் எதையும் குறைக்கவில்லை. காகங்கள் இலையிலிருந்தே எடுத்தன.

சாப்பிட்டு முடித்ததும் ஒருங்கிணைப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நேரமின்மை காரணமாக, அமர்வுகளில் வாசிக்க வேண்டிய கட்டுரைகள் அனைத்தும் வாசிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்றும், சான்றிதழ்கள் தயாராக இருப்பதால் யாரும் கவலைப்பட வேண்டாம் என்றும் அறிவித்தார். கைதட்டினார்கள். கட்டுரை கொண்டு வந்தவர்களும் தட்டினார்கள். பாதிப் பேர் அப்போதே பையை எடுத்தார்கள்.

அந்தப் பெண் தட்டவில்லை. கை கழுவப் போன இடத்தில் அப்படியே நின்றார். பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் போய்ப் பத்து நிமிடம் கேட்டார். அரங்கை இரவு நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்திருப்பதால் நாற்காலிகளை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். அது உண்மைதான். பூக்காரர்கள் வாசலில் நின்றார்கள். "சர்ட்டிபிகேட்டு உண்டும்மா, நீ ஏன் வெசனப்படுற" என்றும் சொன்னார். அவர் மனம் அறிந்து யாரையும் நோகடிப்பவர் அல்ல.

அதற்குள் டெல்லிப் பேராசிரியர் பேண்ட்டை மடித்துக்கொண்டு, மகளையும் வளையத்தையும் அழைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டார். நான் சவுக்கு மரத்தடியில் நின்று பார்த்தேன். நடந்தார்கள். நின்றார்கள். மகள் வளையத்தைத் தண்ணீரில் போட்டு அதில் உட்கார்ந்தாள். வளையம் தரையில் பட்டு நின்றது. மேலும் நடந்தார்கள்.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த சார் எங்குட்டுப் போறாரு?"

ஆழம் தேடிப் போகிறார் என்றேன்.

"ரொம்ப ஆழமா சார்? எனக்கு நீச்சல் தெரியாது. எங்க கண்மாயில என்னைக்குத் தண்ணி கெடந்துச்சு, பழகுறதுக்கு?"

அழைப்பிதழில் ஜவுளிக்கடைக்காரரின் புகைப்படம் இருந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய வரியை அவரிடம் வாயால் சொன்னேன். அரை கிலோமீட்டர், முழங்கால், அலை கிடையாது. கருத்தரங்குக்கு வந்தவர்களில் அதைக் கேட்டுப் பயனடைந்தவர் அவர் ஒருவர்தான்.

செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். கட்டுரையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நாற்று நடப் போகிறவர் வயலில் இறங்குவதைப் போல, காலை அழுத்தி ஊன்றி நடந்தார். செய்திக்குறிப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நானும் கொஞ்சம் பின்னால் போனேன். அலை இல்லாத கடலில் பேச்சு நன்றாகக் கேட்கும். காற்றும் கரையைப் பார்த்தே வீசியது.

முதலில் பேராசிரியர் சங்கடப்பட்டார். கட்டுரையைப் பிறகு அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டுச் சொல்வதாக எழுதியிருந்தீர்களே சார் என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் தண்ணீர், போவதற்கு அவசரமான இடம் ஒன்றும் இல்லை. சரி என்றார்.

அந்தப் பெண் நின்றபடியே முழுவதையும் வாசித்தார். சுருக்கவில்லை. பக்கம் முடியும்போது தாளை இடுப்பில் செருகினார். மகள் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மழை பொய்த்த ஆண்டில் முறை எப்படி மாறும், யார் அதை மாற்றுவார் என்ற இடத்தில் பேராசிரியர் வாசிப்பை நிறுத்தினார். மேல் வயல்காரர்கள் தண்ணீரை விடாமலே இருந்தால் கடைமடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்டார்.

அந்தப் பெண் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார்.

"மடையில் போய் நிற்போம் சார். திறக்கும்வரை."

பேராசிரியர் கைபேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னார்.

கல்லூரிப் பேருந்து ஒலி எழுப்பியது. நாங்கள் நால்வரும் கரைக்கு வந்து சேர நேரமாயிற்று. ஒருங்கிணைப்பாளர் பேருந்து வாசலில் நின்று சான்றிதழ்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஈரப் புடவையைப் பார்த்துவிட்டு, "கடல்ல குளிச்சீகளாம்மா, நல்லது நல்லது" என்றார்.

ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பெண் அந்தப் பேராசிரியரின் திட்டத்தில் வேலை பார்க்கிறார். வேலையில் சேர்வதற்குக் கொடுத்த தாள்களில் அந்தச் சான்றிதழின் நகலும் இருந்தது. அரங்கு எண் இரண்டில் கட்டுரை வாசித்தார் என்று அதில் அச்சாகியிருக்கிறது.