உள்ளே துணி விட்டிருக்கு

போன வாரம் காலையில் கடையைத் திறந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். மகள் போனை நீட்டினாள். எங்கள் தையல் கடைக்கு இணையத்தில் யாரோ ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ‘ஜாக்கெட் போட்டா மூச்சு விட முடியல. துணியே வீணாப் போச்சு. யாரும் போகாதீங்க.’ பெயர் இல்லை. ஒரு ரோஜாப்பூப் படம்தான்.

“யாரும்மா இது?” என்றாள் மகள். ரோஜாப்பூவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க நான் என்ன போலீஸா? இடுப்பளவைச் சொல்லியிருந்தாலாவது கண்டுபிடித்திருப்பேன்.

இதற்கு முன் என்னை யாரும் திட்டியதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திட்டு வாங்கியே வளர்ந்த கடை இது. பெட்டிக்கு அடியில் ஈரத்துணி வாசனை எழும்பியதும் கோரிப்பாளையம்தான் ஞாபகம் வந்தது. இப்போது கடை இருக்கும் வில்லாபுரத்துக்கு வருவதற்கு முன்னால் அங்கேதான், ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு மிஷினும் ஒரு பெஞ்சும் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே பிரியாணிக் கடை. என்னிடம் தைத்துப் போட்டவர்கள் எல்லாம் கொஞ்ச நாள் மட்டன் வாசத்தோடுதான் நடமாடியிருப்பார்கள்.

அந்தத் தெருவில் ஜைத்தூன் அக்கா என்று ஒருவர். தெருப் பெண்கள் யாரிடம் துணி தைப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். தங்கை நிக்காஹ்வுக்கு வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் துணியையும் எனக்கே தருவதாகச் சொல்லி, முதலில் தன்னுடைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அந்த வேலை கிடைத்தால் கடை நிற்கும். இல்லாவிட்டால் மிஷினை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

தைத்து வாங்கிப்போன மறுநாளே அக்கா வந்துவிட்டார். குரல் தர்கா வரை கேட்டிருக்கும்.

“என்னம்மா தச்சிருக்க? கையத் தூக்குனா கொக்கி தெறிக்குது! இம்புட்டு நல்ல துணியப் பாழாக்கிட்டியே!”

பிரியாணிக் கடை பாய் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். “நீங்க குடுத்த அளவு ஜாக்கெட்டப் பாத்துத்தானக்கா தச்சேன்” என்று அதை எடுத்துக் காட்டினேன். பொருத்தமான பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுப்பது நம் ஊர் வழக்கம் இல்லையா? அதற்கு எல்லோரும் தாங்கள் ஒல்லியாக இருந்த காலத்து ஜாக்கெட்டைத்தான் தேடி எடுத்து வருவார்கள். ஆசைதான், வேறென்ன. அக்கா கொடுத்தது மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தைத்தது.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ‘நீங்கதான் குண்டாயிட்டீங்க’ என்பது என் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கினேன். என் கடையில் நடந்த முதல் உருப்படியான வியாபாரம் அதுதான்.

“இஸ்திரி போட்டதுல லைனிங் சுருங்கிருச்சு போலக்கா. உள்ள துணி விட்டிருக்கேன். ஒக்காருங்க, இப்பவே பிரிச்சுத் தாரேன்.”

ஜாக்கெட் தைக்கும்போது பக்கத் தையலில் ஒரு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விடுவோம். அதன் ஓரத்தில் இன்னொரு தையலும் ஓடும்; உடம்பை ஒட்டிய தையலைப் பிரித்தால் போதும், ஜாக்கெட் தளர்ந்துவிடும். நான் பிரித்து முடிக்கும்வரை அக்கா பெஞ்சில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கினார். “ம்... இப்பப் பரவாயில்ல.”

சாயங்காலம் கல்யாண வீட்டுத் துணி மூட்டை வந்து இறங்கியது. கூடவே அதே பழைய அளவு ஜாக்கெட். நான் ஒன்றும் கேட்காமல் ஒரு விரல் கூட்டி வெட்டினேன்.

அதற்குப் பிறகும் கழுத்து ஏறிவிட்டது, கை இறங்கிவிட்டது என்று வருஷக்கணக்கில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அழுத நாளும் உண்டு. ஆனால் திட்ட வருகிறபோதெல்லாம் சரியில்லாத ஜாக்கெட்டும் அவர் கையில் இருக்கும்; உடனே சரிசெய்து கொடுத்துவிடுவேன்.

அந்த பெஞ்சை வில்லாபுரத்துக்கும் கொண்டுவந்தேன். இப்போது அதில் பைகளை வைக்கிறார்கள். யாரும் உட்கார்ந்து திட்டுவதில்லை. துணியை வாங்கிக்கொண்டு, சரிக்கா என்று சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

மகள் சொன்னபடி ரோஜாப்பூவுக்குப் பதில் போட்டேன். ‘உள்ளே துணி விட்டிருக்கு. கொண்டு வாங்க, பிரிச்சுத் தாரேன்.’ ஆள் வரவில்லை. பதிலைப் பார்த்த மாதிரியும் தெரியவில்லை. கடைப் பெயர் கெட்டதே என்று மனசு வலிக்கத்தான் செய்கிறது. அதைவிட அந்த ஜாக்கெட்தான் உறுத்துகிறது. ஏதோ ஒரு வீட்டு பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். ஒரு தையலைப் பிரித்தால் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. நேரில் வந்து ஒரு வாய் திட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.