திங்கட்கிழமை விரதம்

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில், எல்லையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் மைக்கை நீட்டி, "பெருமையா இருக்காம்மா?" என்று கேட்டார்கள். அவர் தலையசைத்தார்.

எனக்கு ஆரணியில் எங்கள் குடிசை நினைவுக்கு வந்தது. அறுபத்தைந்து சண்டையின்போது, நாட்டுக்காகத் திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடும்படி அரசாங்கம் எல்லாரையும் கேட்டிருந்தது. அப்படி ஒரு திங்களன்று வந்த பத்திரிகைக்காரர், எங்கள் அடுப்பு எரியாததைப் பார்த்து, "நீங்களும் விரதமா?" என்றார். வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லக் கூசிய அம்மா, "ஆமா சாமி" என்றாள்.

பேப்பரில் அவள் படம் வந்தது. வாத்தியார் வகுப்பில் படித்துக் காட்ட, பையன்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த திங்கள், மீந்த கூழ் கிடைக்குமா என்று அம்மா சட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு, தான் களையெடுக்கும் பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டம்மா சட்டியைப் பார்த்தார்.

"இன்னாடி, நீ விரதம்னு பேப்பர்ல போட்டுக்கிறான்?"

அம்மா சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தம்மாவுக்கு எவ்ளோ பெருமை பாரு" என்றார் கேன்டீனில் என் பக்கத்தில் சாப்பிட்டவர், டிவியைக் காட்டி.

"மைக்க நீட்டிக்கினு கேட்டா, அது வேற இன்னா சொல்லும்?" என்றேன்.