கயிறு கட்டிய மூன்றாம் நாள்

என் தம்பியை முதல் தடவை குடியை விட வைத்தது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. விட வைக்கிறேன் என்று அவனைக் கொல்லப் பார்த்தேன்.

அவன் கொத்தனார். செஞ்சியில் கோட்டைக்குப் போகிற ரோட்டில் நிற்கிற காம்பவுண்டு சுவர்களில் பல அவன் எடுத்தவை. ஆனால் முந்தின நாளே வாங்கி வைத்த குவாட்டர் காலையில் உள்ளே போகாவிட்டால் கரண்டி பிடிக்க முடியாது, கை அப்படி ஆடும். பல வருஷமாக இந்தக் கதைதான். அம்மாவும் நைனாவும் போன பிறகு அவனைக் கேட்கிற ஆள் நான் ஒருத்தி. கேட்கிற ஆள் என்றால் கத்துகிற ஆள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். வாய் நீளம், பொறுமைக்குத்தான் எப்போதும் துணி பற்றாமல் போகும்.

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் சாமி முன்னால் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கிற வரை ஒரு சொட்டு தொடக்கூடாது. தொட்டால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்கிற பயம்தான் காவல். ஓர் அமாவாசை காலையில் தம்பியை மேல்மலையனூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. நானே கயிறு வாங்கினேன், நானே அவன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டேன், நாற்பத்தெட்டு நாள் என்று கெடுவும் நானே வைத்தேன். திரும்பி வரும்போது ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. நசுங்கிக்கொண்டே, "இந்த தபா விட்டுடுவன்க்கா," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கை முன்னைவிட ஆடியது. சட்டையைப் பிழியலாம் போல வேர்வை. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை.

"உள்ள இருக்கிறது வெளிய எறங்குது, பேசாம இரு," என்று அவன் மனைவியிடம் சொன்னேன், பெரிய டாக்டர் மாதிரி. அவன் கடைப்பக்கம் போய்விடக் கூடாது என்று வாசல் கதவையும் பூட்டச் சொன்னேன். அன்று இரவு முழுக்க அவன் கண் மூடவில்லையாம்.

மூன்றாம் நாள் காலை நான் போனபோது, வீட்டு நடுவில் குந்தி உட்கார்ந்து சுவர் எடுத்துக்கொண்டிருந்தான். கல்லும் இல்லை, கலவையும் இல்லை. காற்றிலிருந்து ஒரு கல்லை எடுக்கிறான், வைக்கிறான், தட்டுகிறான், ஒரு கண்ணை மூடி மட்டம் பார்க்கிறான். நடுநடுவே தொடையில் எறும்பு ஏறுகிற மாதிரி தட்டிவிடுகிறான்.

என்னைப் பார்த்து, "இன்னாம்மா நிக்கிற, கலவ எடுத்தா, நேரமாவுது," என்றான். யாரோ சித்தாள் என்று நினைத்துவிட்டான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு என்னைத் தெரியவில்லை. ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஆத்தா எறங்கியிருக்கிறா, எலுமிச்சம்பழம் கொண்டா," என்றாள். எனக்கு அதை நம்ப வேண்டும் போல் இருந்தது. சாமி என்றால் சாயங்காலத்துக்குள் மலை ஏறிவிடும். வேறு ஏதாவது என்றால் நான் என்ன செய்வேன்? கற்பூரம் தேடினேன்.

அப்போது அவன் மனைவி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணி, ஒரு வாய் குடுத்துப் பாக்கட்டுமா? பத்து வருசத்துல இவர இப்படிப் பாத்ததே இல்ல. பயமா இருக்குது."

நான் அதைப் பிடுங்கிப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றினேன். "கயிறு கட்டின கைக்குச் சாராயம் குடுப்பியா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் காரணம்," என்றேன்.

நான் சொல்லி வாய் மூடவில்லை, தம்பி விறைத்துக்கொண்டு சரிந்தான். கண் மேலே சொருகியது, வாயில் நுரை, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. யார் ஆட்டோ கூப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப குடிச்சாரு?"

"அவன் குடிக்கிறது இல்லைங்க," என்றேன். உயிர் போகிற நேரத்தில் எனக்கு மானம் பெரிதாக இருந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. அவன் கையைத் திருப்பி, "இந்தக் கயிறு எப்பம்மா கட்டினீங்க?" என்றார். அமாவாசைக்கு என்றேன். உடனே டாக்டரைக் கூப்பிட்டார்.

ஊசி போட்ட பிறகு நர்சம்மா என்னிடம் வந்து சொன்னார்: "தினமும் குடிச்சுப் பழகின உடம்பும்மா. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகலாம். இங்க கூட்டிட்டு வந்து மருந்தோட நிறுத்தணும். யாரு நிறுத்தச் சொன்னது?"

பக்கத்தில் நின்ற அவன் மனைவி நினைத்திருந்தால் என்னைக் கைகாட்டியிருக்கலாம். "நாங்கதாங்க, தெரியாம செஞ்சிட்டோம்," என்றாள். அந்த 'நாங்க'வுக்கு நான் இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான்கு நாள் அவன் யாரையும் அடையாளம் காணவில்லை. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே கிடந்தேன். ஐந்தாம் நாள், "அக்கா, டீ வாங்கியா," என்றான்.

பிறகு வாரம் ஒருநாள் மனநல டாக்டரிடம் போக ஆரம்பித்தோம். அங்கே கவுன்சிலிங் கொடுக்கிற அம்மா, "மறுபடி குடிச்சிட்டாலும் வாங்க, வெக்கப்பட்டு நின்னுடாதீங்க. வெறும் வயித்துல குடிக்காதீங்க, குடிச்ச அன்னைக்குச் சாரம் ஏறாதீங்க," என்றார். இது என்ன ஊர் நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதத்தில் அவன் மறுபடி தொட்டான், பிறகு தினமும்தான். ஆனால் சாப்பிட்டுவிட்டுத் தொட்டான், முன்னைவிடக் குறைவாக. திட்டாமல் இருக்கப் பழகினேன். என் வாயைத் தைத்துக்கொண்டதுதான் நான் தைத்ததிலேயே கஷ்டமான தையல்.

போன வாரம் காலையில் குளித்து, விபூதி பூசி, சிரித்துக்கொண்டே கடைக்கு வந்தான். "அக்கா, நேத்து காலையிலருந்து தொடலக்கா. யாரும் சொல்லல. நானாத்தான்."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். மிஷினை நிறுத்திவிட்டு, அவன் விரல்களைப் பிடித்து விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். கழுத்தில் வேர்வை இருக்கிறதா என்று தொட்டேன். நேற்று ராத்திரி தூங்கினாயா என்று கேட்டேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்க்கா, உனக்குச் சந்தோசம் இல்லியா?"

"இருக்குதுடா," என்றேன். "பயமாவும் இருக்குது. செருப்பப் போடு, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்."